ரோப்லாக்ஸ், டிஸ்கார்ட் தளங்களில் தீவிரவாதம்: சிங்கப்பூர்ப் பெற்றோர் கவனிக்கவும் புகாரளிக்கவும் ஒரு வழிகாட்டி

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் தேதி, சிங்கப்பூரின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இரண்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒருவருக்கு வயது 15. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டவர்களில் அதுவரை மிக இளையவர் அவர்தான். மற்றவருக்கு வயது 16. அவருக்கு, பயணத்தையும் இணையப் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தும் கட்டுப்பாட்டு ஆணை விதிக்கப்பட்டது. அந்த 16 வயது மாணவர், சிரியாவையும் பிலிப்பீன்ஸின் மராவி நகரையும் போல உருவாக்கப்பட்டிருந்த, பயனர்களே ஆட்டங்களை அமைக்கும் இணைய விளையாட்டுத் தளமான ரோப்லாக்ஸின் ஆட்டக்களங்களில் ஐஎஸ்ஐஎஸ் அமைப்பின் உறுப்பினராகத் தம்மைக் கருதிக்கொண்டு விளையாடியவர். ஆட்டத்துக்குள் இருந்த 'தலைவர்' ஒருவருக்கு விசுவாச உறுதிமொழியும் எடுத்துக்கொண்டார். பின்னர் ஆட்டக் காட்சிகளைப் பதிவு செய்து, பிரசாரப் பாடல்களைச் சேர்த்துக் காணொளிகளாக்கிப் பரப்பும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். இரு மாணவர்களும், அதற்குச் சில வாரங்களுக்கு முன் தடுப்புக்காவல் அறிவிக்கப்பட்ட 18 வயது இளையர் ஒருவருடன் இணையத்தில் தொடர்பு வைத்திருந்தவர்கள்.

இந்த வழிகாட்டி, பிள்ளை எந்நேரமும் ரோப்லாக்ஸிலோ டிஸ்கார்ட் என்னும் உரையாடல் செயலியிலோ இருக்கிறது என்று அறிந்த, ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று அறியாத சிங்கப்பூர்ப் பெற்றோருக்காகவும், அத்தகைய மாணவர்களை வகுப்பில் சந்திக்கும் ஆசிரியர்களுக்காகவும் எழுதப்பட்டது. "அரசாங்கம்தான் எல்லாவற்றையும் கண்காணிக்கிறதே" என்ற நம்பிக்கையும், "அரசாங்கத்திடம் சொன்னால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும்" என்ற அச்சமும் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே மனிதரிடம் இருப்பதைக் காணலாம். இரண்டுமே பாதி உண்மை. அரசின் கண்காணிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் வீட்டின் பங்கு எது என்பதும் தெளிவாகும்.

அரசின் கண் எட்டும் தூரம்

விளையாட்டுத் தளங்களை உளவு அமைப்புகள் கவனிப்பது புதிதல்ல. 2013 டிசம்பரில், அமெரிக்க உளவுத் துறையின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடன் வழியாக வெளியான ஆவணங்கள், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையும் பிரிட்டனின் ஜிசிஎச்கியூ அமைப்பும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், செகண்ட் லைஃப் போன்ற மெய்நிகர் உலகங்களுக்குள் ஊடுருவியிருந்ததைக் காட்டின. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு: பல அமைப்புகளின் ஆட்கள் ஒரே ஆட்டத்துக்குள் உலவியதால், ஒருவரை ஒருவர் தவறுதலாக உளவு பார்க்காமல் இருக்கத் தனி ஒருங்கிணைப்புக் குழு தேவை என்ற பேச்சே எழுந்தது. இவ்வளவுக்குப் பிறகும், அந்த முயற்சியால் ஒரு பயங்கரவாதச் சதியாவது முறியடிக்கப்பட்டது என்பதற்கான சான்று அந்த ஆவணங்களில் இல்லை.

இன்றைய நிலை வேறு. ஆனால் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. ரோப்லாக்ஸில் மட்டும் ஒரு நாளைக்கு 600 கோடிக்கும் மேற்பட்ட உரையாடல் செய்திகள் போகின்றன. எந்த அரசும் அவற்றை உட்கார்ந்து படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. நடைமுறையில் அரசுக்குத் தகவல் வந்து சேரும் வழிகள் நான்கு. அதிகாரிகள் பொதுவில் திறந்திருக்கும் சர்வர்களுக்குள் (டிஸ்கார்ட் போன்ற தளங்களில் உறுப்பினர்கள் கூடிப் பேசும் குழுக்கள்) சாதாரண உறுப்பினரைப்போல நுழைந்து கவனிப்பது முதலாவது. தளத்தை நடத்தும் நிறுவனம் தன் தானியங்கிச் சல்லடையில் சிக்கியதை ஆராய்ந்து, ஆபத்து என்று கண்டால் காவல்துறைக்குத் தெரிவிப்பது இரண்டாவது. விசாரணை தொடங்கிய பிறகு சட்டப்படி நிறுவனத்திடம் கணக்கு விவரங்களைக் கேட்டுப் பெறுவது மூன்றாவது. நான்காவது, ஒரு மனிதர் வந்து சொல்வது.

முதல் வழி பூட்டிய கதவின் முன் நின்றுவிடும். 2022 மே 14ஆம் தேதி அமெரிக்காவின் பஃபலோ நகரப் பேரங்காடியில் 10 பேரைக் கொன்ற இளைஞர், தம் திட்டத்தைப் பல மாதங்களாக ஒரு தனியார் டிஸ்கார்ட் சர்வரில் நாட்குறிப்பாக எழுதி வந்தார். அவரைத் தவிர வேறு யாரும் அந்தச் சர்வரில் இருக்கவில்லை. தாக்குதலுக்கு ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்புதான் பிறருக்கு அழைப்பு அனுப்பினார். தாக்குதலின் நேரலையை டிவிச் தளம் இரண்டு நிமிடங்களுக்குள் நிறுத்திவிட்டது. அதற்குள் அதைப் பதிவு செய்தவர்கள் வேறு தளங்களில் பரப்பிவிட்டார்கள்.

மூன்றாவது வழி மெதுவானது. ரோப்லாக்ஸ், டிஸ்கார்ட் இரண்டும் கலிஃபோர்னியா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அவை விரைந்து தகவல் தரலாம். மற்றபடி, ஒருவர் எழுதிய செய்திகளின் உள்ளடக்கத்தை வெளிநாட்டு அரசொன்று பெறுவதற்கு நாடுகளுக்கு இடையிலான சட்ட உதவி நடைமுறை வழியாகப் போக வேண்டியிருக்கும். அமெரிக்காவுக்கு உள்ளேயே நிலைமை சீராக இல்லை என்பதை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2024இல் சுட்டிக்காட்டியது: சமூக ஊடக, விளையாட்டு நிறுவனங்களுடன் மிரட்டல் தகவல்களைப் பகிர்வதற்கு எஃப்பிஐயும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சும் உரிய உத்தியும் இலக்கும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

சிங்கப்பூரில் சட்டத்தின் கை நீளமானதுதான். 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள இணையக் குற்றத் தீங்குகள் சட்டத்தின்கீழ், குற்றச்செயலுக்குப் பயன்படும் பதிவையோ கணக்கையோ முடக்குமாறு இணையச் சேவைகளுக்கு அதிகாரிகள் உத்தரவிடலாம். ஆனால் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023 ஜூலையில் நடப்புக்குக் கொண்டுவந்த இணையப் பாதுகாப்பு நடைமுறை விதித்தொகுப்பில் முதலில் பெயர் குறிப்பிடப்பட்ட ஆறு தளங்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், யூடியூப், அப்போது டுவிட்டர் என்று அழைக்கப்பட்ட எக்ஸ், ஹார்ட்வேர்ஸோன் ஆகியவை மட்டுமே. ரோப்லாக்ஸும் டிஸ்கார்டும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, நான்காவது வழியே, அதாவது அருகில் இருப்பவர் கவனித்துச் சொல்வதே, காலத்தால் முந்தியதாக அமைகிறது.

பிள்ளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலான பெற்றோர் விளையாட்டைப் பார்க்கிறார்கள். விளையாட்டை ஒட்டி நடக்கும் உரையாடலைப் பார்ப்பதில்லை. தீவிரவாதக் குழுக்கள் ஆள் பிடிப்பது பொதுவாக ஆட்டக்களத்திலேயே முடிந்துவிடுவதில்லை. ஆட்டத்தில் அறிமுகம், பிறகு டிஸ்கார்டில் ஒரு பெரிய சர்வர், பிறகு அழைப்பு இருந்தால் மட்டுமே நுழையக்கூடிய சிறிய சர்வர், அதன்பின் டெலிகிராம் அல்லது வேறொரு செயலி என்று படிப்படியாக நகர்த்துவதே வழக்கம். எனவே "என்ன விளையாடுகிறாய்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "விளையாடும்போது யாரோடு, எங்கே பேசிக்கொள்கிறாய்?" என்றும் கேளுங்கள்.

டிஸ்கார்டைத் திறந்தால் திரையின் இடது ஓரத்தில் வட்டமான சின்னங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு சர்வர். ஒன்றைத் தொட்டால் அதற்குள் உள்ள அறைகளின் பட்டியல் விரியும். வலப்பக்கத்தில் உறுப்பினர்களின் பெயர்கள் பதவிக்கு ஏற்ற நிறங்களில் தெரியும். பள்ளி நண்பர்களின் சர்வர், ஏதேனும் ஓர் ஆட்டத்தின் அதிகாரபூர்வ சர்வர், இசைக்குழு ரசிகர்களின் சர்வர் ஆகியவை எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். நீங்கள் நின்று கவனிக்க வேண்டியது, உள்ளே நுழைவதற்கே கேள்வித்தாள் வைத்திருக்கும் சர்வரை. "உன் இனம் என்ன, மதம் என்ன, இந்தக் கொள்கையைப் பற்றி என்ன நினைக்கிறாய், உன் குரலைக் கேட்க வேண்டும்" என்று கேட்டு வடிகட்டிய பிறகே மற்ற அறைகளைத் திறந்துவிடும் சர்வர், உறுப்பினர்களைச் சோதித்துச் சேர்க்கிறது என்று பொருள். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு அத்தகைய சோதனை தேவையே இல்லை.

பிள்ளை 13 வயதுக்கு உட்பட்டது என்றால் டிஸ்கார்டில் கணக்கே இருக்கக் கூடாது. அது அந்தத் தளத்தின் விதி. அதற்கு மேற்பட்ட பதின்ம வயதினருக்கு, 2023இல் அறிமுகமான ஃபேமிலி சென்டர் என்னும் வசதி உள்ளது. பிள்ளையின் கைப்பேசியில் தோன்றும் கியூஆர் குறியீட்டை உங்கள் கைப்பேசியால் படம்பிடித்து இரு கணக்குகளையும் இணைக்கலாம். இணைத்தபின், கடந்த ஏழு நாட்களில் பிள்ளை யாரை நண்பராகச் சேர்த்தது, யாரோடு பேசியது, எந்தச் சர்வரில் இணைந்தது என்பவை தெரியும். என்ன பேசியது என்பது தெரியாது. இந்த வரையறை சரியானதே என்பது என் கருத்து. பதினைந்து வயதுப் பிள்ளையின் ஒவ்வொரு வரியையும் படிக்கும் பெற்றோர், அந்தப் பிள்ளை இரண்டாவது கணக்கு தொடங்குவதற்கு வழி செய்துவிடுகிறார்.

ரோப்லாக்ஸில் பெற்றோர் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைக்கலாம். உங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். அங்கிருந்து நண்பர் பட்டியல், விளையாடும் நேரம், எந்த முதிர்ச்சி நிலை வரையிலான ஆட்டங்கள் அனுமதிக்கப்படலாம் என்பவற்றை அமைக்கலாம். 2024 நவம்பர் முதல், 13 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்துக்கு வெளியே தனிச்செய்தி அனுப்புவதை அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் பிள்ளை கணக்கு தொடங்கும்போது வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் இந்தத் தடுப்புகள் வேலை செய்யாமல் போகலாம் என்பதால், முதலில் அதைச் சரிபாருங்கள்.

எதைக் கண்டு கவலைப்படுவது, எதை விட்டுவிடுவது

வன்முறை நிறைந்த ஆட்டம் விளையாடுவது தீவிரவாதத்தின் அறிகுறி ஆகாது. ரோப்லாக்ஸில் எல்லைக் காவல், இராணுவப் பயிற்சி, காவல்துறை என்று வேடமேற்று விளையாடும் குழுக்கள் ஏராளம். சீருடை, பதவி உயர்வு, அணிவகுப்பு, கட்டளைக்குக் கீழ்ப்படியாதவரை வெளியேற்றுதல் எல்லாம் அங்கே அன்றாடம் நடப்பவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறுவர்கள் தங்களுக்குள் நடத்தும் தீங்கற்ற நாடகம். இரண்டாம் உலகப் போர் ஆட்டத்தில் ஒரு பிள்ளை ஜெர்மன் தரப்பில் விளையாடினால் அது நாஜி ஆகிவிடுவதில்லை. யாராவது ஒருவர் அந்தப் பக்கமும் நின்றாக வேண்டும்.

எண் குறியீடுகளை வைத்துத் தீர்ப்பளிப்பதிலும் எச்சரிக்கை தேவை. வெள்ளையின மேலாதிக்கவாதிகள் 88 என்ற எண்ணை ஹிட்லர் வணக்கத்தின் சுருக்கமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பல மேலைநாட்டுக் கையேடுகள் சொல்லும். சிங்கப்பூரிலோ 88 சீனர்களுக்கு நல்வாய்ப்பு எண். வாகன எண் முதல் கடைப் பெயர் வரை அதைக் காணலாம். இங்கு ஒரு மாணவரின் பயனர் பெயரில் அந்த எண் இருப்பதை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது. அதுவே 14 என்ற எண்ணோடும் (அவர்களின் பதினான்கு சொல் முழக்கத்தின் குறியீடு), நாஜிகளிடமிருந்து வந்த கறுப்புச் சூரியச் சின்னத்தோடும், கொலைகாரர் ஒருவரின் படத்தோடும் சேர்ந்து வந்தால் கதை வேறு.

கவலைக்கு உரியவை இவை. ஆட்டத்தில் எடுத்த உறுதிமொழியை ஆட்டம் முடிந்த பிறகும் உண்மை போலப் பேசுவது. உண்மையில் நடந்த படுகொலையை, உண்மையில் இறந்த மக்களை வைத்து ஆட்டம் அமைப்பது அல்லது விளையாடுவது: 2025 பிப்ரவரியில் தடுப்புக்காவல் அறிவிக்கப்பட்ட 18 வயது சிங்கப்பூரர் ஒருவர், 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவராகத் தம்மைப் பாவித்துக்கொள்ள, ஒரு காணொளி விளையாட்டுக்கான மாற்று நிரலைப் பதிவிறக்கம் செய்து விளையாடினார். கொலைகாரர்களைப் 'புனிதர்' என்றோ 'வீரர்' என்றோ அழைப்பது. அவர்கள் கொன்ற எண்ணிக்கையை ஆட்டத்தின் மதிப்பெண் போலச் சொல்வது. ஓர் இனத்தையோ சமயத்தையோ சேர்ந்தவர்களை மனிதரல்லாத சொல்லால் குறிப்பிடுவது. நெருங்கிய நண்பர்களை விட்டு விலகி, முகம் தெரியாத ஒருவரின் ஒப்புதலுக்காக ஏங்குவது. இவற்றில் ஒன்று தனியாக வந்தால் பேசிப் பாருங்கள். பல சேர்ந்து வந்து, ஆயுதம், இடம், தேதி பற்றிய பேச்சும் கலந்தால் தாமதிக்காதீர்கள்.

"நம் பிள்ளைக்கு இது பொருந்தாது" என்று இனத்தையோ சமயத்தையோ வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வழக்கில், இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்ட 16 வயது மாணவர் புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவர், இந்திய வம்சாவளியினர். கிறைஸ்ட்சர்ச் கொலையாளியைப் பின்பற்ற நினைத்தவர். 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இன்னொரு 16 வயது மாணவர் சீனர். ஆனால் வெள்ளையின மேலாதிக்கக் கருத்துகளை ஏற்றுக்கொண்டவர். தம் இனத்தையே இழிவாகக் கருதும் கொள்கையை ஒரு பிள்ளை எப்படி ஏற்கும் என்று கேட்பவர்கள், இணையத்தில் கொள்கையைக் காட்டிலும் கூட்டத்தில் ஒருவராக இருப்பதே முதலில் ஈர்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கொள்கையே இல்லாத வகையும் இப்போது பெருகியிருக்கிறது. 764 என்ற பெயரில் இயங்கும் வலைக்குழு, சிறுவர் சிறுமியரை ஆட்டத் தளங்களிலும் உரையாடல் தளங்களிலும் நட்பாக்கி, அந்தரங்கப் படங்களைப் பெற்று மிரட்டி, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ள வைப்பதைக் குறித்து எஃப்பிஐ 2025இல் பொது எச்சரிக்கை விடுத்தது. நூற்றுக்கணக்கான விசாரணைகளும் நடைபெறுகின்றன. இங்கே பிள்ளை குற்றவாளியாக இருப்பதைவிடப் பாதிக்கப்பட்டவராக இருக்கும் வாய்ப்பே அதிகம். கையில் புதிய வெட்டுக் காயங்கள், கோடைபோன்ற வெப்பத்திலும் முழுக்கைச் சட்டை, நள்ளிரவில் கேமராவின் முன் அமர்ந்திருத்தல் ஆகியவை தென்பட்டால் கோபத்தை ஒதுக்கிவைத்து, பிள்ளையின் பக்கம் நில்லுங்கள்.

சான்றைப் பாதுகாக்கும் முறை

ஏதோ தவறாக இருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலான பெற்றோர் செய்வது, கைப்பேசியைப் பிடுங்கிச் செயலியை நீக்குவது. அதைச் செய்யாதீர்கள். கணக்கு நீங்கினால், பிள்ளையைப் பின்தொடர்ந்தவர் யார் என்பதற்கான தடமும் போய்விடும்.

டிஸ்கார்டில் பயனர் பெயரை யாரும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் சர்வருக்கும் செய்திக்கும் மாறாத நீண்ட அடையாள எண் ஒன்று உண்டு. அதை எடுக்க, செட்டிங்ஸ் பகுதிக்குள் அட்வான்ஸ்டு என்ற தலைப்பைத் திறந்து, டெவலப்பர் மோட் என்பதை இயக்குங்கள். பிறகு ஒருவரின் பெயரை அழுத்திப் பிடித்தால், அல்லது கணினியில் வலது பொத்தானைச் சொடுக்கினால், அடையாள எண்ணை நகலெடுக்கும் தெரிவு தோன்றும். அந்த எண், செய்தியின் இணைப்பு, சர்வரின் பெயர், அழைப்பு இணைப்பு, நாள், நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்து, திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவையுங்கள். திரைப்பிடிப்பில் மேலும் கீழும் உள்ள சில செய்திகளும் விழ வேண்டும். தனித்து வெட்டிய ஒற்றை வரி கேலியா மிரட்டலா என்று விசாரிப்பவருக்குத் தெரியாது.

ரோப்லாக்ஸில் ஆட்டத்துக்குள் நடந்த உரையாடல், ஆட்டத்தை விட்டு வெளியே வந்தபின் உங்களுக்குக் கிடைக்காது. எனவே அங்கேயே, அப்போதே படம் எடுக்க வேண்டும். ஆட்டக்களத்தின் பெயர், அதை உருவாக்கியவரின் பெயர், முகவரிப் பட்டையில் உள்ள எண் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஐஎஸ் களம் என்று யாரும் பெயர் வைத்து விற்பதில்லை. தலைப்பு சாதாரணமாக இருக்கும், எனவே பெயரை மட்டும் சொன்னால் பிறகு கண்டுபிடிப்பது கடினம்.

கொலைக் காட்சிகளோ ஆயுதக் கையேடுகளோ கண்ணில் பட்டால் அவற்றை வாட்ஸ்அப் வழியாக உறவினருக்கோ பள்ளிப் பெற்றோர் குழுவுக்கோ அனுப்பாதீர்கள். எச்சரிக்கும் நோக்கில் அனுப்பினாலும் அது பரப்புதல்தான். நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் காணொளியைப் பகிர்ந்தவர்கள் சிறைக்கே சென்றிருக்கிறார்கள். பிள்ளையின் அந்தரங்கப் படங்கள் சம்பந்தப்பட்டிருந்தால் அவற்றை நகலெடுக்கவே வேண்டாம்; சாதனத்தை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள். அதுபோல, நீங்களே போலிக் கணக்கில் அந்தச் சர்வருக்குள் நுழைந்து துப்பறிய முயலாதீர்கள். விசாரணை அதிகாரிகள் ஏற்கெனவே உள்ளே இருக்கலாம். உங்கள் கேள்விகளால் அந்த அறை ஒரே இரவில் கலைந்து வேறெங்கோ முளைக்கும்.

யாரிடம் சொல்வது

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

உடனடி ஆபத்து இல்லாத, ஆனால் மனத்தை உறுத்தும் நிலையில், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பயங்கரவாத எதிர்ப்பு நிலையத்தை 1800-2626-473 என்ற எண்ணில் அழைக்கலாம். எஸ்ஜிசெக்யூர் செயலி வழியாகவும் தெரிவிக்கலாம். பிள்ளை முஸ்லிமாக இருந்து, சமயத்தின் பெயரால் குழப்பப்பட்டிருந்தால், 2003இல் தொடங்கப்பட்ட சமய மறுவாழ்வுக் குழுவை 1800-774-7747 என்ற எண்ணில் அணுகலாம். கேலாங்கில் உள்ள கதீஜா பள்ளிவாசலில் அதன் ஆலோசனை நிலையம் இயங்குகிறது. சமய அறிஞர்கள் தொண்டூழியமாக நடத்தும் குழு அது. எங்கும் அழைக்கத் தயக்கமாக இருந்தால் பள்ளி ஆலோசகரிடமிருந்து தொடங்குங்கள். எது யாரிடம் போக வேண்டும் என்பதை முடிவு செய்ய அவர் உதவுவார்.

தளத்துக்கும் புகார் அளியுங்கள், ஆனால் மேற்சொன்ன விவரங்களை எடுத்துவைத்த பிறகு. டிஸ்கார்டில் குறிப்பிட்ட செய்தியை அழுத்திப் பிடித்துப் புகாரளிக்கலாம். செய்தி அழிக்கப்பட்டுவிட்டால் அந்த வழி அடைபடும் என்பதால் 'முதலில் பிளாக், பிறகு புகார்' என்ற வரிசை தவறு. ரோப்லாக்ஸில் ஆட்டத்தின் பட்டியல் பகுதியிலும், ஆட்டக்களத்தின் பக்கத்திலும் புகாருக்கான பொத்தான் உண்டு. தளம் ஒரு கணக்கை நீக்கிவிட்டதாகப் பதில் அனுப்பினால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அந்த நபர் மறுநாள் வேறு பெயரில் வருவார். அரசுக்கு நீங்கள் தந்த அடையாள எண்ணே அப்போதும் பயன்படும்.

அழைக்கும்போது கண்டதை மட்டும் சொல்லுங்கள். "என் மகன் பயங்கரவாதி ஆகிவிட்டான்" என்பது உங்கள் முடிவு. "மூன்று வாரங்களாக இந்தச் சர்வரில் இருக்கிறான், நேற்று இந்த வரியை எழுதினான், கத்தி வாங்கும் பக்கத்தைப் பார்த்தான்" என்பது தகவல். அதிகாரிக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

சொன்ன பிறகு என்ன நடக்கும்

பெற்றோரைத் தயங்க வைப்பது இந்தக் கேள்விதான், தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நீதிமன்ற விசாரணை இல்லாமலேயே ஒருவரைத் தடுத்து வைக்க அனுமதிக்கிறது. ஆணை ஒவ்வொரு முறையும் இரண்டு ஆண்டுகள் வரை நீளலாம், புதுப்பிக்கவும் படலாம். ஆலோசனை வாரியம் ஒன்று மூன்று மாதங்களுக்குள் அதை ஆராய்ந்து அதிபருக்குப் பரிந்துரை செய்யும். கட்டுப்பாட்டு ஆணை என்றால் பிள்ளை வீட்டில் இருக்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் வெளிநாடு செல்லவோ, முகவரியை மாற்றவோ, இணையத்தைப் பயன்படுத்தவோ முடியாது. இத்தகைய அதிகாரம் பதின்ம வயதினர்மீது பயன்படுவதைப் பற்றி விமர்சனம் இருப்பது இயல்பு. அது இருக்கவும் வேண்டும். எந்தக் கட்டத்தில், எந்த வழியில் ஒரு மாணவர் கண்டுபிடிக்கப்பட்டார் என்பதை அறிக்கைகள் பெரும்பாலும் சொல்வதில்லை என்பதும் பெற்றோரின் அச்சத்தைக் கூட்டுகிறது.

ஆனால் இந்த ஆணைகள் திட்டம் முற்றிய, அல்லது ஈடுபாடு ஆழமான நிலையில் விதிக்கப்படுபவை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். 16 வயதில் தடுத்து வைக்கப்பட்ட அந்தக் கிறிஸ்தவ மாணவர் ஏற்கெனவே தாக்க வேண்டிய பள்ளிவாசல்களைத் தேர்ந்தெடுத்து, நாளும் குறித்திருந்தார். கிறிஸ்தவ ஆலோசகர், உளவியலாளர் ஆகியோரின் துணையோடு மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, 2024 ஜனவரியில் நிபந்தனைகளோடு விடுவிக்கப்பட்டார். இடையே மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் இத்தகைய கருத்துகளில் ஈடுபடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே யாராவது பேசியிருந்தால் அது ஆலோசனையோடு முடிந்திருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. தாமதம் பிள்ளையைக் காப்பாற்றுவதில்லை. அதன் தெரிவுகளைத்தான் குறைக்கிறது.

அதிகாரிகள் வீட்டுக்கு வந்தாலோ உங்களை அழைத்தாலோ, சில கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் பேசும்போது உடன் யார் இருப்பார்? எந்தச் சாதனங்களை எடுத்துச் செல்கிறீர்கள், எப்போது திரும்பக் கிடைக்கும்? பள்ளிக்கு யார், எவ்வளவு தெரிவிப்பார்கள்? தேர்வு நெருங்கினால் படிப்புக்கு என்ன ஏற்பாடு? ஆலோசகரை நாங்கள் தனியாகச் சந்திக்கலாமா? வழக்கறிஞரை நாடுவதானால் எப்போது? தம்பி தங்கையர் அதே ஆட்டத்தை விளையாடியிருந்தால் அவர்களிடம் என்ன சொல்வது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் அதே நண்பர் பட்டியலிலிருந்து அழைப்பு வந்திருக்கக்கூடும்.